மின்சார விசையுந்தும் பெட்ரோல் விசையுந்தும்

மின்சார விசையுந்து (மின்சார மோட்டார் சைக்கிள்) என்பது, மின்கலத்தில் சேமிக்கப்பட்ட மின்னாற்றலைக் கொண்டு மின்னோடி (மின்மோட்டார்) ஒன்றினால் இயங்கும் இருசக்கர வண்டி ஆகும். பெட்ரோல் விசையுந்து, எரிபொருளை உருளைக்குள் எரித்து அவ்வெப்பத்தை இயக்கமாக மாற்றும் உள் எரி பொறியினால் இயங்குகிறது. இவ்விரண்டையும் செயல்திறன், செலவு ஆகிய இரு நோக்கில் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து, குறிப்பாகத் திருச்சிராப்பள்ளியின் எடமலைப்பட்டி புதூருக்கும் திருவரங்கத்துக்கும் (ஸ்ரீரங்கம்) இடையிலான நாளாந்தப் பயணத்திலிருந்து எடுக்கப்பட்டுள்ளன.

சுருங்கக் கூறின், பெட்ரோல் வண்டியின் செலவு ஓட்ட ஓட்ட ஏற்படுவது. மின்சார வண்டியின் செலவில் பெரும்பகுதி வாங்கும் நாளிலேயே கொடுக்கப்பட்டு விடுவது. எனவே எது இலாபம் என்பது, ஒருவர் நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறார், இரவில் வண்டியை எங்கு நிறுத்துகிறார் என்பவற்றைப் பொறுத்தே அமைகிறது.

பின்னணி

இந்தியாவில் 2000-களின் பிற்பகுதியில் விற்பனைக்கு வந்த மின்சார இருசக்கர வண்டிகள் பெரும்பாலும் ஈய-அமில மின்கலம் கொண்டவை. 250 வாட்டுக்கு மிகாத திறனும் மணிக்கு 25 கி.மீ.க்கு மிகாத வேகமும் உடைய வண்டிகளுக்குப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை என்ற விதியை ஒட்டி அவற்றுட் பல வடிவமைக்கப்பட்டன. "கரண்ட் வண்டி மேம்பாலம் ஏறாது" என்ற பரவலான கருத்து அக்காலத்தில் தோன்றியது. அவ்வண்டிகளைப் பொறுத்தவரை அது தவறான கருத்தும் அன்று.

லித்தியம்-அயனி மின்கலங்களின் விலை குறைந்த பின்னர் நிலைமை மாறியது. தமிழ்நாட்டில் ஓசூரிலும் கிருட்டிணகிரி மாவட்டத்திலும் மின்சார இருசக்கர வண்டித் தொழிற்சாலைகள் அமைந்தன. டி.வி.எஸ். நிறுவனத்தின் ஐகியூப் 2020-இல் வெளிவந்தது. எனினும் விற்பனையானவற்றுள் மிகப் பெரும்பாலானவை ஸ்கூட்டர்களே. கால்களுக்கிடையே தொட்டி அமைந்த மோட்டார் சைக்கிள் வடிவம் மெதுவாகவே வந்தது. பெங்களூருவின் அல்ட்ராவயலட் எஃப்77 (2022), சென்னையின் ராப்டீ டி30 (2024), கிருட்டிணகிரியில் உருவாகும் ஓலா ரோட்சுடர் எக்சு (2025) ஆகியன குறிப்பிடத்தக்கவை.

வேகத்தை விட்டுக்கொடுத்து ஓட்டச் செலவைக் குறைக்கும் முயற்சி தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. சென்னை திருவொற்றியூரின் என்ஃபீல்டு நிறுவனம் முன்பு 325 கன செ.மீ. டீசல் பொறி பூட்டிய புல்லட் ஒன்றை விற்றது. அதன் திறன் ஆறரை குதிரைத்திறன் மட்டுமே. வேகம் மிகக் குறைவு, அதிர்வு மிக அதிகம்; ஆயினும் எரிபொருள் சிக்கனத்துக்காக அதனைத் தேடி வாங்கியோர் இருந்தனர். மின்சார விசையுந்து இவ்வகையில் வேறுபட்டது: ஓட்டச் செலவைக் குறைப்பதற்காக அது நகர வேகத்தை இழப்பதில்லை. அது இழப்பது வேறொன்றை.

செயல்திறன்

பெட்ரோல் பொறி நின்ற நிலையில் முறுக்குவிசை தராது. அது ஒரு குறைந்தபட்ச வேகத்தில் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். ஆகவே கிளட்சும் பற்சக்கரப் பெட்டியும் (கியர்) தேவைப்படுகின்றன. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இன் 349 கன செ.மீ. பொறி, நிமிடத்துக்கு 4000 சுழற்சியில் தன் உச்ச முறுக்குவிசையான 27 நியூட்டன் மீட்டரையும், 6100 சுழற்சியில் தன் உச்சத் திறனான ஏறத்தாழ 20 குதிரைத்திறனையும் தருகிறது. அதற்குக் கீழும் மேலும் குறைவாகவே தரும். மின்னோடியோ சுழலத் தொடங்கும் கணத்திலேயே உச்ச முறுக்குவிசையைத் தரவல்லது. போக்குவரத்து விளக்கு பச்சையானதும் மின்சார வண்டி முந்திச் செல்வதன் காரணம் இதுவே.

விளம்பரங்களில் தரப்படும் முறுக்குவிசை எண்களை அப்படியே ஒப்பிடுவது தவறு. சிலர் மின்னோடியின் அச்சில் அளந்த எண்ணையும், சிலர் பின்சக்கரத்தில் அளந்த எண்ணையும் தருகின்றனர். 100 கன செ.மீ. வகைச் சிறு விசையுந்தின் பொறி 8 நியூட்டன் மீட்டர் மட்டுமே தந்தாலும், முதற் கியரில் மொத்தக் குறைப்பு விகிதம் 30-ஐ ஒட்டியிருப்பதால் பின்சக்கரத்தில் அது 200-ஐத் தாண்டும். "சக்கரத்தில் 200 நியூட்டன் மீட்டர்" என்று ஒரு மின்சார வண்டி விளம்பரப்படுத்தப்படுமாயின், அதனைப் பெட்ரோல் வண்டியின் 8 உடனோ 27 உடனோ ஒப்பிடுவது பொருந்தாது. ஒப்பிடத்தக்கவை திறனும் (கிலோவாட்), எடையும், நின்ற நிலையிலிருந்து 60 கி.மீ. வேகத்தை எட்டும் நேரமுமே.

ராப்டீ டி30-இன் உச்சத் திறன் 22 கிலோவாட். உச்ச வேகம் மணிக்கு 135 கி.மீ. எனவும், 250 முதல் 300 கன செ.மீ. வரையிலான பெட்ரோல் விசையுந்துகளுக்கு இணையானது எனவும் நிறுவனம் கூறுகிறது. கிளாசிக் 350-இன் உச்சத் திறன் 15 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. எண்ணளவில் மின்சார வண்டியே வலிமையானது. ஆனால் இங்கு 'உச்சம்' என்ற சொல்லைக் கவனித்தல் வேண்டும். மின்னோடியும் மின்கலமும் உச்சத் திறனைச் சிறிது நேரமே தாங்கும். தொடர்ந்து கேட்டால் சூடேறும், கட்டுப்பாட்டுக் கருவி தானாகவே திறனைக் குறைத்துவிடும். பெட்ரோல் பொறி தன் உச்சத்தை ஒட்டி நெடுநேரம் ஓடும். கோடையில் 40 பாகை செல்சியசைத் தாண்டும் திருச்சி போன்ற ஊர்களில் இவ்வேறுபாடு கூடுதலாகத் தெரியும்.

ஓடும் தொலைவு

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 கிலோவாட் மணி ஆற்றல் உள்ளது. இதன்படி, டி30-இன் 5.4 கிலோவாட் மணி மின்கலத்தில் இருப்பது 600 மில்லி லிட்டர் பெட்ரோலின் ஆற்றலே. ஆயினும் பெட்ரோல் பொறி தான் பெறும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவானதையே சக்கரத்துக்கு அளிக்கிறது. எஞ்சியது வெப்பமாக வெளியேறுகிறது. மின்னோடி பத்தில் ஒன்பது பங்கை அளிக்கிறது. எனவே அம்மின்கலத்தை இரண்டு முதல் இரண்டரை லிட்டர் பெட்ரோலுக்கு இணையாகக் கொள்ளலாம். கிளாசிக் 350-இன் தொட்டி 13 லிட்டர் கொள்ளும். மின்சார விசையுந்து இழப்பது இதைத்தான்.

இவ்விழப்பு வேகத்தோடு பெருகுகிறது. காற்றுத் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் செலவாகும் ஆற்றல், 50 கி.மீ. வேகத்தில் செலவாவதைப்போல் இருமடங்கை எட்டும். நகருக்குள் 150 கி.மீ. ஓடும் வண்டி நெடுஞ்சாலையில் 75 கி.மீ. அளவிலேயே மின்னேற்றம் கேட்கும். பெட்ரோல் வண்டிக்கும் இதே காற்றுத் தடை உண்டு. ஆனால் மெதுவாக ஓடும்போது மிகத் திறனற்றதாக இருக்கும் பொறி, சுமை கூடும்போது சற்றுத் திறனோடு இயங்குவதால் அதன் மைலேஜ் அந்த அளவுக்கு வீழ்வதில்லை. போக்குவரத்து நெரிசலில் நிலைமை தலைகீழ்: நின்று நின்று செல்லும் சாலையில் பெட்ரோல் பொறி வீணே எரிகிறது, மின்னோடி நிற்கையில் எதுவும் செலவழிப்பதில்லை, வேகம் குறைக்கையில் மின்னாக்கியாக மாறிச் சிறிதளவு ஆற்றலை மின்கலத்துக்குத் திருப்பியும் தருகிறது.

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் செல்வோருக்கு (ஏறத்தாழ 55 கி.மீ.) மின்சார விசையுந்து போதும். மதுரைக்கு (ஏறத்தாழ 135 கி.மீ.) வழியில் ஒரு முறையேனும் மின்னேற்ற வேண்டும், சென்னைக்கு (320 கி.மீ.க்கு மேல்) பல முறை. கார்களுக்கான விரைவு மின்னேற்றியையே பயன்படுத்தும்படி டி30 வடிவமைக்கப்பட்டதன் நோக்கம் இதுவாகும். நெடுஞ்சாலை உணவகங்களில் ஏற்கனவே இருப்பவை கார் மின்னேற்றிகளே.

எடுத்துக்காட்டு: எடமலைப்பட்டி புதூர் முதல் திருவரங்கம் வரை

எடமலைப்பட்டி புதூர் திருச்சிராப்பள்ளி மாநகரின் தென்மேற்கில், மதுரை சாலையை ஒட்டி அமைந்த குடியிருப்புப் பகுதி. 2025-இல் திறக்கப்பட்ட பஞ்சப்பூர் பேருந்து முனையம் அண்மையில் உள்ளது. இங்கிருந்து கிராப்பட்டி, திருச்சி சந்திப்பு, சத்திரம் பேருந்து நிலையம், காவிரிப் பாலம், மாம்பழச்சாலை வழியாகத் திருவரங்கம் ஏறத்தாழ 12 கி.மீ. வழி நெடுக நெரிசல். மணிக்கு 50 கி.மீ. வேகத்தைத் தாண்ட வாய்ப்பு குறைவு. மின்னோடிக்கு மிக ஏற்ற சாலை எனலாம்.

நாளும் சென்று திரும்பும் ஒருவர் மாதம் 25 நாளில் 600 கி.மீ., இரு மாதத்தில் 1200 கி.மீ. ஓட்டுகிறார். லிட்டருக்கு 60 கி.மீ. தரும் 100 கன செ.மீ. விசையுந்துக்கு 20 லிட்டர் தேவை. தமிழ்நாட்டில் பெட்ரோல் விலை 2025-இல் லிட்டர் 100 ரூபாயைச் சற்றுத் தாண்டியிருந்தது. 101 எனக் கொண்டால் 2020 ரூபாய். மின்சார வண்டிக்கு, மின்னேற்றியில் ஏற்படும் இழப்பையும் சேர்த்து, 100 கி.மீ.க்கு 4 அலகு (யூனிட்) எனக் கொண்டால் 48 அலகு.

இந்த 48 அலகின் விலை என்ன என்பதற்கு ஒரே விடை இல்லை. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரு மாதத்துக்கு ஒரு முறை, படிநிலையாகக் கணக்கிடப்படுகிறது. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணத்தின்படி (2024 சூலையில் இது சற்று உயர்ந்தது) முதல் 100 அலகு இலவசம். மொத்தம் 500 அலகுக்குள் பயன்படுத்துவோருக்கு 101 முதல் 200 வரை அலகுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். மொத்தம் 500-ஐத் தாண்டினால் 2.25 என்ற சலுகைப் படி நீங்கி, 101-ஆவது அலகிலிருந்தே 4.50 ஆகிவிடும், 501 முதல் 600 வரையிலான அலகுகளுக்கு 8 ரூபாய்.

இரு மாதத்தில் 300 அலகு பயன்படுத்தும் வீட்டில் 48 அலகு கூடினால் கூடுதல் கட்டணம் 216 ரூபாய். குளிர்பதனி உள்ள, 470 அலகு பயன்படுத்தும் வீட்டில் அதே 48 அலகு கூடினால் மொத்தம் 518 ஆகிறது. கட்டணம் 1545-இலிருந்து 2094-க்கு உயர்கிறது. கூடுதல் 549 ரூபாய், அதாவது அலகுக்கு 11 ரூபாய்க்கு மேல். ஒரே வண்டி, ஒரே தெரு. ஒரு வீட்டில் கிலோமீட்டருக்கு 18 காசும், பக்கத்து வீட்டில் 46 காசும் ஆகிறது. விற்பனையாளர்கள் கூறும் "கிலோமீட்டருக்கு 15 காசு", "20 காசு" போன்ற கணக்குகள் இதனைக் கருத்திற் கொள்வதில்லை. எனினும் பெட்ரோல் வண்டியின் 1 ரூபாய் 68 காசோடு ஒப்பிடுகையில் இரண்டும் மிகக் குறைவே.

இதன்படி நாளொன்றுக்கு 24 கி.மீ. ஓட்டுபவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 9,000 முதல் 11,000 ரூபாய் வரை மிச்சப்படுத்துகிறார். இணையான பெட்ரோல் வண்டியைவிட மின்சார வண்டி 40,000 ரூபாய் கூடுதல் விலை எனக் கொண்டால், அதனை மீட்க நான்கு ஆண்டு அளவில் ஆகும். உணவு, பொருள் விநியோகம் செய்து நாளும் 100 கி.மீ. ஓட்டுபவரின் கணக்கு வேறு. இரு மாதத்தில் 5000 கி.மீ.; பெட்ரோல் ஏறத்தாழ 8,400 ரூபாய். மின்சாரம் 200 அலகு; 300 அலகு வீட்டில் அது 500 என்ற எல்லையைத் தொட்டு நிற்பதால் கூடுதல் 1,050 ரூபாய். ஆண்டு மிச்சம் 44,000 ரூபாய். விலை வேறுபாடு ஓராண்டுக்குள் மீண்டுவிடுகிறது. வாரம் ஒரு முறை மட்டும் வண்டியை எடுக்கும் ஓய்வுபெற்றவருக்கு அது மீளவே மீளாது.

விலையும் வரியும்

மேற்கூறிய 40,000 ரூபாய் நிலையான எண் அன்று. அரசுக் கொள்கையோடு ஏறி இறங்குவது. மின்சார வண்டிகளுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 2019 ஆகத்து முதல் 5 விழுக்காடு. பெட்ரோல் விசையுந்துகளுக்கு 28 விழுக்காடாக இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 350 கன செ.மீ. வரையிலானவற்றுக்கு 18 ஆகக் குறைக்கப்பட்டது. மறுபுறம் மின்சார இருசக்கர வண்டிகளுக்கான ஒன்றிய அரசின் மானியம் குறைந்துகொண்டே வந்தது: 2021 சூனில் மின்கலத்தின் ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் 15,000 ரூபாய், 2023 சூனில் 10,000, 2024-இல் 5,000, 2025 ஏப்ரலில் 2,500. தமிழ்நாடு அரசு 2025 இறுதி வரை சாலை வரியிலிருந்து முழு விலக்கு அளித்திருந்தது. பழைய ஒப்பீடுகளைப் படிப்போர் அவை எழுதப்பட்ட ஆண்டைக் கவனித்தல் நன்று.

உயர்விலை வண்டிகளில் இவ்வேறுபாடு சுருங்குகிறது. 2.39 இலட்சம் ரூபாய்க்கு அறிமுகமான டி30, கிளாசிக் 350-இன் உயர்வகைகளை விட வெகுதொலைவில் இல்லை. லிட்டருக்கு 35 கி.மீ. தரும் பெட்ரோல் வண்டியின் ஓட்டச் செலவும் கிட்டத்தட்ட 2 ரூபாய் 90 காசு. ஆக, கணக்குப் பார்க்கத் தேவையில்லாதவருக்கு மின்சார வண்டி எளிதில் கட்டுப்படியாகிறது. ஒவ்வொரு ரூபாயையும் எண்ணி 100 கன செ.மீ. வண்டி வாங்குபவருக்கே முதலீடு தடையாக நிற்கிறது.

பராமரிப்பும் மின்கலத்தின் ஆயுளும்

மின்சார விசையுந்தில் பொறி எண்ணெய், தீப்பொறிச் செருகி, காற்று வடிகட்டி, கிளட்சு ஆகியன இல்லை. வட்டகை (டயர்), நிறுத்தி, சங்கிலி அல்லது பட்டை ஆகியவற்றுக்கே செலவு. ஆனால் பழுது ஏற்பட்டால் தெருமுனைப் பட்டறையில் சரிசெய்ய இயல்வதில்லை. ஸ்பிளெண்டரின் பொறியைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரிக்கத் தெரிந்த பட்டறைக்காரருக்கும் கட்டுப்பாட்டுக் கருவியின் மென்பொருள் திறவாத பெட்டியே. நிறுவனத்தின் சேவை நிலையம் ஊரில் இருக்கிறதா, எத்தனை நாளில் உதிரிப் பாகம் வருகிறது என்பன வண்டியின் திறனளவுக்கு முதன்மையான கேள்விகள்.

மின்கலம் வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியது. ஒவ்வொரு முழு மின்னேற்றச் சுழற்சியிலும் அதன் கொள்ளளவு சிறிது தேய்கிறது. ஆயிரம் சுழற்சி தாங்கி, ஒவ்வொன்றிலும் 100 கி.மீ. ஓடும் மின்கலம் ஓரிலட்சம் கி.மீ. உழைக்கும். நாளும் 24 கி.மீ. ஓட்டுபவர் அதனை எட்டப் பத்தாண்டுக்கு மேலாகும். அதற்குள் சுழற்சியால் அன்றி வயதாலும் வெப்பத்தாலுமே மின்கலம் தளர்ந்திருக்கும். விநியோகம் செய்பவர் மூன்றரை ஆண்டுக்குள் எட்டிவிடுவார். அவருடைய ஆண்டு மிச்சமான 44,000 ரூபாயிலிருந்து ஒரு பகுதியை அடுத்த மின்கலத்துக்கென ஒதுக்கியே கணக்கிட வேண்டும். பழைய வண்டிச் சந்தையிலும் இதே சிக்கல் உண்டு: பெட்ரோல் பொறியின் நிலையை ஒலி கேட்டுக் கூறலாம், மின்கலத்தின் நிலை வெளியே தெரிவதில்லை.

சுற்றுச்சூழல்

இந்திய மின்கட்டமைப்பில் ஓர் அலகுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன்-டை-ஆக்சைடு வெளியாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 2.3 கிலோ. 100 கி.மீ.க்கு மின்சார விசையுந்து 2.8 கிலோவுக்கும், சிக்கனமான 100 கன செ.மீ. விசையுந்து 3.8 கிலோவுக்கும் காரணமாகின்றன. வேறுபாடு உண்டு, பலர் எண்ணும் அளவுக்கு இல்லை. தெருவில் புகையும் ஒலியும் இல்லாமை தனி நன்மை.

தீ விபத்துகளும் மின்னேற்றும் இடமும்

2022 மார்ச்சு இறுதியில் வேலூரில், இரவில் வீட்டில் மின்னேற்றத்தில் இருந்த மின்சார வண்டி தீப்பற்றியதில் எழுந்த புகையால் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அதே வாரத்தில் திருச்சி மாவட்டம் மணப்பாறையிலும் சென்னையிலும் வண்டிகள் எரிந்தன. இதன் பின்னர் ஏ.ஐ.எஸ்.-156 எனப்படும் மின்கலப் பாதுகாப்புத் தரம் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. பெட்ரோலும் எளிதில் தீப்பற்றுவதே. ஆனால் பெட்ரோல் வண்டியை எவரும் படுக்கையறைக்கு அருகில் இரவு முழுதும் எரிபொருள் நிரப்ப விடுவதில்லை. லித்தியம் மின்கலத் தீ தன்னுள்ளேயே வெப்பத்தை உண்டாக்குவதால் அணைப்பதும் கடினம்.

மின்சார வண்டியால் மிகுதியான இலாபம் பெறக்கூடியவர் நாளும் 100 கி.மீ. ஓட்டும் விநியோகத் தொழிலாளி. அவர் பெரும்பாலும் மாடிப் பகுதியில் வாடகைக்குக் குடியிருப்பவர். வண்டி தெருவில் நிற்கும். வீட்டு உரிமையாளர் அலகுக்கு 10 ரூபாய் வாங்கினாலும் 200 அலகுக்கு 2,000 ரூபாய்தான். பெட்ரோலின் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. தடையாக நிற்பது கட்டணம் அன்று, கீழ்த்தளத்தில் 15 ஆம்பியர் செருகுவாய் இல்லாமையே. கழற்றி எடுத்துச் செல்லத்தக்க மின்கலம் கொண்ட வண்டிகள் இவர்களுக்காக உருவாக்கப்பட்டன. இரண்டு கிலோவாட் மணி மின்கலம் பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ளது, 100 கி.மீ. ஓட இரண்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற வேண்டும். ஏறிய பின் அவற்றை மின்னேற்ற, வாயிலிலிருந்து விலகிய, காற்றோட்டமுள்ள, உறங்கும் இடத்துக்கு அப்பாற்பட்ட ஓரிடம் தேவை. ஓரறை வீட்டில் அத்தகைய இடம் அரிது. மின்கலத்தை நிலையத்தில் மாற்றிக்கொள்ளும் முறை இத்தொல்லையைத் தவிர்க்கிறது. ஆனால் அங்கு அலகின் விலையோடு மின்கல வாடகையும் சேர்வதால், வீட்டில் மின்னேற்றுபவரின் மிச்சம் அவருக்கு முழுமையாகக் கிட்டுவதில்லை.